காய்ச்சல் துடக்கு

தில்லைநாதன் வாத்தியார் வாய்க்காலுக்கு இந்தக் கரையில் நின்று வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தால், அந்தக் கரையில் உழுகிற மாடும் சேர்ந்து சொல்லும் என்று அக்கராயன் பக்கத்துச் சனம் பகிடி பண்ணும். அவ்வளவு குரல். ஆள் பார்வைக்கு ஒன்றும் பெரிய ஆள் இல்லை. ஒல்லி உடம்பு, நாலு முழ வேட்டி, ஒரு கறுத்தக் குடை, செயின் அடிக்கடி கழலுகிற ஒரு சைக்கிள். பெண்சாதியையும் இரண்டு பிள்ளைகளையும் யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு, குடியேற்றத் திட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமை வாத்தியாராக வந்தவர். தலைமை என்பது சொல்லுக்குத்தான். அவருக்குக் கீழே இருந்தது சின்ன வகுப்புகளைப் பார்க்கிற நாகேஸ்வரி ரீச்சர் ஒருத்திதான். கிடுகுக் கூரை, அரைச்சுவர், ஐந்து வகுப்புக்கும் ஒரே மண்டபம், நாற்பத்தாறு பிள்ளைகள். மழைக்கு ஒழுகும், சோளகக் காற்று வீசினால் கரும்பலகையில் எழுதினதைப் புழுதி மூடும். இந்த அரண்மனைக்குத்தான் அவர் ராசா.

ஆனால் அந்த நாற்பத்தாறு பிள்ளைகளையும் அவர் பிடித்த பிடி இருக்கிறதே, அது வேறு. ஒரு பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் சைக்கிள் அந்த வீட்டுப் படலையில் நிற்கும். அதற்குக் காரணம் உண்டு. முந்தி ஒட்டுசுட்டான் பக்கம் படிப்பித்த காலத்தில், மலேரியா என்று சொல்லி அவருடைய பள்ளிக்கூடத்தை இரண்டு மாதம் பூட்டி வைத்தார்கள். திறந்த அன்று முப்பத்தெட்டுப் பிள்ளைகளில் பதினேழு வந்தது. மற்றதெல்லாம் மாட்டுக்குப் பின்னாலும் அடுப்படியிலும் நின்றுவிட்டது. வீடு வீடாகப் போய்க் கேட்டார். “ஓம் வாத்தியார், நாளைக்கு அனுப்புறம்” என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார்கள். அந்த நாளை வரவேயில்லை. பெட்டைப் பிள்ளைகள் ஒன்றுகூடத் திரும்பவில்லை. பள்ளிக்கூடத்தைப் பூட்டுகிறது சுகம், பூட்டினதைத் திறக்கிறதுதான் ஏலாது என்று அன்றைக்கு அவர் மனதில் விழுந்தது. இனிமேல் என் கையால் ஒரு பள்ளிக்கூடமும் பூட்டுப்படாது என்று அவர் தனக்குத்தானே சொல்லி வைத்திருந்தார்.

ஐம்பத்தேழாம் ஆண்டு ஆடி மாதம் கொழும்பில் கப்பலால் இறங்கின காய்ச்சல், றெயிலேறிக் கிளிநொச்சிக்கும் வந்துவிட்டது. உலகம் முழுக்க அந்தக் காய்ச்சல்தான் என்று பேப்பரில் போட்டிருந்தது. சுகாதாரப் பகுதி இன்ஸ்பெக்டர் ஒருநாள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கதிரையில் இருக்கவும் இல்லை.

“வாத்தியார், ஒரு வீட்டில ஒருத்தருக்குக் காய்ச்சல் எண்டால், அந்த வீட்டில புழங்கிற பிள்ளையள் ஒண்டையும் பத்து நாளைக்கு எடுக்கப்படாது. பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கோ இல்லையோ, பத்து நாள். வகுப்புக்குள்ள காய்ச்சல் பரவினால் நான் வந்து பூட்டிப் போடுவன்.”

பூட்டு என்ற சொல் கேட்டதும் வாத்தியார், ஒன்றும் பிசகாமல் செய்கிறேன் என்று அவசரமாக வாக்குக் கொடுத்தார். ஏனென்றால் அந்த வருஷம் அவருக்கு ஒரு பெரிய ஆசை இருந்தது. ஐந்தாம் வகுப்பில் ஜெகதீஸ்வரி என்று ஒரு பிள்ளை. தகப்பன் செத்துவிட்டான். தாய் சிவனேஸ்வரி தன் தமையன் அப்புத்துரையின் குடியேற்றக் காணியில், தமையன் வீட்டோடு இருந்தாள். வாத்தியார் கணக்கைச் சொல்லி முடிக்க முன்னம் பிள்ளை விடையைச் சொல்லும். அதைப் படிப்புக்கு அரசாங்கம் காசு தருகிற ஸ்கொலசிப் சோதினைக்கு இருத்தி, மத்திய கல்லூரிப் போடிங் விடுதிக்கு அனுப்பிவிட வேண்டும் என்பதுதான் அந்த ஆசை. அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து அதுவரை ஒரு பிள்ளையும் ஸ்கொலசிப் எடுத்தது கிடையாது. பெட்டைக்குப் பதினொரு வயது. இந்த வருஷம் விட்டால் அடுத்த வருஷம் பெரியபிள்ளை ஆகிவிடுவாள், அதோடு சிலேற்றும் புத்தகமும் பரணுக்குப் போய்விடும். இது வாத்தியாருக்குத் தெரியும், தாய்க்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும்.

அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் பெற்றோரைக் கூப்பிட்டு வைத்து விளங்கப்படுத்தினார். கிருமி என்றார், மூச்சு என்றார், தும்மல் என்றார். ஐயாத்துரை எழும்பினான். வாய்க்கால் ஓரக் காணிக்காரன், அடித்துப் பேசுகிற ஆள்.

“என்ர மூத்தவனுக்குக் காய்ச்சல் எண்டால் அவனை மறியுங்கோ. ஒரு கேள்வியும் இல்லை. சின்னவன் பாலன் குரங்கு மாதிரித் துள்ளிக்கொண்டு திரியிறான். அவனை ஏன் மறிக்கிறியள்? சுகமா இருக்கிற பிள்ளையில என்ன கிருமி?”

“அது உள்ளுக்க இருக்கும் ஐயாத்துரை. வெளியில தெரியாது.”

“தெரியாததை நீங்கள் எப்பிடிக் கண்டியள்?”

எல்லாரும் சிரித்தார்கள். வாத்தியார் மறுபடியும் கிருமியில் தொடங்கினார். சனம் கொட்டாவி விட்டது. அரை மணித்தியாலம் கழித்து, தொண்டை காய்ந்து, கோபமும் வந்த நேரத்தில், அவர் வாயில் அந்தச் சொல் வந்தது.

“சரி, இப்பிடி வைச்சுக் கொள்ளுங்கோ. காய்ச்சலை ஒரு துடக்கு எண்டு நினையுங்கோ. காய்ச்சல் வீடு துடக்கு வீடு. அந்த வீட்டுப் பிள்ளை பத்து நாளைக்குத் துடக்கு.”

கொட்டாவி விட்ட சனம் நிமிர்ந்து இருந்தது. ஐயாத்துரை தலையை ஆட்டினான். “இதை முதலே சொல்லியிருக்கலாமே வாத்தியார்!” என்றபடி சனம் எழும்பிச் சால்வையை உதறியது.

துடக்கு என்றால் விளக்கம் தேவையில்லை. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டில் பச்சைத் தண்ணியும் வாயில் வைக்க மாட்டார்கள். முப்பத்தோராம் நாள்வரை வீட்டுக்காரர் கோயில் வாசல் மிதிக்க மாட்டார்கள். யாரும் காவல் நிற்க வேண்டியதில்லை, யாரும் சட்டம் போட வேண்டியதில்லை. சனம் தானாகவே விலகும், தானாகவே நாள் எண்ணும், நாள் முடியத் தோய்ந்து மஞ்சள் தண்ணி தெளிக்கும். இன்ஸ்பெக்டர் பத்துத் தரம் மோட்டார் சைக்கிளில் வந்தாலும் நடக்காத காரியம் ஒரு சொல்லில் நடந்தது. வாத்தியாருக்கு அன்றைக்குத் தன்மீதே ஒரு மதிப்பு வந்தது. வரட்டும், பாவம். அந்தச் சொல்லை அவர் அப்போது விழுங்கியிருக்கலாம் என்று சொல்ல இன்றைக்கு யாராலும் முடியும்.

அடுத்த இரண்டு கிழமையும் அவர் பட்ட பாடும் கொண்ட பெருமையும் கொஞ்சமில்லை. மறிக்கப்பட்ட பிள்ளைகளின் படிப்புப் போகக் கூடாதே. பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளை எடுப்பார். காய்ச்சல் வீட்டு ஒழுங்கையில் பத்து முழம் தள்ளி நிற்பார். பிள்ளை வேலிக்குள்ளே சிலேற்றோடு குந்தியிருக்கும். இவர் வெளியே நின்று சொல்வதெழுதுதல் சொல்வார். அந்தக் குரலுக்கு அதுதான் ஏற்ற வேலை. ஒரு வீட்டுக்குச் சொன்னது மூன்று வீட்டுக்குக் கேட்கும். அயல் காணிகளில் களை பிடுங்குகிற பெண்களும் “ஆற்றங்கரையில் அரசமரம்” என்று கூடச் சொல்லிச் சிரிப்பார்கள். பிள்ளை எழுதி முடித்துச் சிலேற்றைத் தூக்கிக் காட்டும். இவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, “வல்லின ற எங்கயடா?” என்று அங்கிருந்தே போடுவார். ஐயாத்துரையின் மூத்தவனுக்குக் காய்ச்சல் வந்ததால், சின்னவன் பாலன், ஏழு வயது, பத்து நாளும் வேலியில் ஏறியிருந்துதான் படித்தான். பத்து நாள் முடிந்து தோய்ந்து வந்தபோது அவனுக்குப் பதினாறாம் வாய்ப்பாடு பாடமாக இருந்தது. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டு, “உங்கட பள்ளிக்கூடத்தில மட்டும்தான் வாத்தியார் நான் சொன்னபடி நடக்குது” என்றார்.

இந்தப் பெருமைக்கு நடுவில் இரண்டு விஷயம் நடந்தது. இரண்டையும் அவர் கண்டார். கண்டும் காணவில்லை.

ஒன்று, ஏரம்புவின் இரண்டு பிள்ளைகள் திடீரென்று நின்றுவிட்டார்கள். போய்க் கேட்டால், நெளுக்குளத்தில் இருக்கிற ஏரம்புவின் தம்பிக்குக் காய்ச்சலாம், கடிதம் வந்ததாம்.

“உன்ர தம்பியைக் கண்டு எவ்வளவு காலம்?”

“போன சித்திரைக்கு முதற் சித்திரை. அதுக்கென்ன வாத்தியார், எங்க இருந்தாலும் பங்காளி பங்காளிதானே. துடக்கு துடக்குதானே.”

வாத்தியார் சைக்கிளில் திரும்பி வரும் வழியெல்லாம் சிரித்தார். கூடுதலாகத் துடக்குக் காத்தால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று விட்டுவிட்டார்.

மற்றது, முல்லைத்தீவிலிருந்து வந்து சந்தியில் கடை வைத்திருந்த கச்சு முகம்மது. அவருடைய மகள் உம்மு ஹானி நாலாம் வகுப்பு. கடையில் வேலைக்கு நின்றவனுக்குக் காய்ச்சல் வந்ததும் அவரே பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார்.

“வாத்தியார், எங்கட ஆக்களுக்கு இந்தத் துடக்கு வழக்கம் கிடையாது. எனக்கு அந்தக் கணக்குத் தெரியாது. வேலையாள் எங்கட வீட்டிலதான் சாப்பாடு, படுக்கை. சொந்தக்காரன் இல்லை. மகளை மறிக்கவோ விடவோ?”

“மறியுங்கோ. சொந்தம் என்னத்துக்கு? காய்ச்சல்காரனோட ஒரு கூரைக்குக் கீழ இருந்தால் பத்து நாள்” என்றார் வாத்தியார். கடைக்காரர் அப்படியே மறித்தார். அந்த ஒரு வீட்டுக்கு மட்டும்தான் வாத்தியார் விஷயத்தை விஷயமாகச் சொன்னார் என்பது அப்போது அவருக்கே உறைக்கவில்லை.

பிறகு அப்புத்துரை காய்ச்சலில் விழுந்தான். ஜெகதீஸ்வரியின் மாமன். நல்ல உரமான ஆள். ஆனாலும் மூன்று நாள் பாயோடு கிடந்தான். கஞ்சி காய்ச்சினது தங்கச்சி சிவனேஸ்வரி, கஞ்சிக் கோப்பையைக் கொண்டுபோய்க் கொடுத்தது ஜெகதீஸ்வரி. வாத்தியாருக்குச் செய்தி கிடைத்தது. பிள்ளை வராது, பின்னேரம் வேலியடிக்குப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். இரண்டு பின்னேரம் போகவும் செய்தார்.

நாலாம் நாள் செவ்வாய்க்கிழமை காலை, தலை தோய்ந்து, இரட்டைப் பின்னல் போட்டு, ஜெகதீஸ்வரி வந்து வாசலில் நின்றாள். கையில் பிடித்தபடி பாலன். அடுத்த காணிக்காரப் பிள்ளை என்பதால் அவனை ஒவ்வொரு நாளும் கூட்டிக்கொண்டு வருகிறது அவள்தான்.

“என்ன பிள்ளை, மாமாவுக்குக் காய்ச்சல் எல்லோ?”

“எங்களுக்குத் துடக்குக் கழிஞ்சுது சேர். அம்மா சொன்னவா. அம்மா கலியாணம் முடிச்சுப் போன ஆளாம். மாமா வேற குடியாம். எங்களுக்கு மூண்டு நாள்தானாம்.”

இதில் சிவனேஸ்வரியைக் குற்றம் சொல்ல வழியில்லை. கலியாணம் கட்டிக் கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுத் துடக்கு மூன்று நாள்தான். அதற்குமேல் ஒருநாளும் அவளைப் பிடிக்காது. ஊர் முழுக்க அப்படித்தான் எண்ணும். அவளும் ஒழுங்காக எண்ணி, ஒழுங்காகத் தோய்ந்து, ஒழுங்காக மஞ்சள் தண்ணி தெளித்துத்தான் பிள்ளையை அனுப்பினாள்.

நாகேஸ்வரி ரீச்சர் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னாள். “சேர், அப்புத்துரையரும் இவையும் ஒரே வீடுதானே. இன்ஸ்பெக்டர் புழங்கிற ஆக்கள் எல்லாம் எண்டெல்லோ சொன்னவர். இன்னும் ஆறு நாள்தானே. பொறுத்தால் என்ன?”

வாத்தியார் பிள்ளையைப் பார்த்தார். பிறகு சுவரில் தொங்கின கலண்டரைப் பார்த்தார். சோதினைக்கு இன்னும் இருபத்தைந்து நாள். பின்னக் கணக்கு அரைகுறை. பின்னத்தை வேலிக்கு வெளியே நின்று கத்திச் சொல்லிக்கொடுக்க முடியாது, கரும்பலகை வேண்டும். பிள்ளை சுகமாகத்தான் நிற்கிறது. ஆறு நாளா, ஆறு நாளில் ஒரு பாடத்தையே முடித்துவிடலாமே என்று அந்த மனுசன் நினைத்தார். அவருக்கு விளங்காமல் இல்லை. நல்லாக விளங்கியது. தெரிந்துகொண்டுதான் செய்தார்.

“சனம் துடக்குக் கணக்கை எங்களைவிட நல்லாப் பாக்கும் ரீச்சர். மூண்டு எண்டால் மூண்டுதான். நீ போய் இரு பிள்ளை.”

ஐந்தாம் வகுப்புக்கு ஒரே வாங்கு. ஆறு பிள்ளைகள் தோளோடு தோள் இருந்தார்கள். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் பின்னம் ஓடியது. வியாழன் பின்னேரம் ஜெகதீஸ்வரி நெற்றியைக் கையால் தாங்கிக்கொண்டு இருந்தாள். வெள்ளி அவள் வரவில்லை. திங்கள் ஐந்தாம் வகுப்பில் நாலு பேர் இல்லை. செவ்வாய் முழுப் பள்ளிக்கூடத்திலும் பதினாலு பேர் இல்லை. புதன்கிழமை மோட்டார் சைக்கிள் வந்தது. இன்ஸ்பெக்டர் இந்த முறை புகழவும் இல்லை, ஏசவும் இல்லை. கதவில்லாத மண்டபத்தைப் பூட்ட முடியாதென்பதால் வாசலுக்குக் குறுக்கே ஒரு தடியைக் கட்டிவிட்டு, பத்து நாளைக்கு ஒருத்தரையும் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிள்ளைகள் ஒவ்வொன்றாக எழும்பினார்கள். ஜெகதீஸ்வரியும் எழும்பினாள். பாலன் எழும்பவில்லை. அவனுக்கு ஏற்கனவே மலேரியாவில் ஈரல் வீங்கின உடம்பு. காய்ச்சல் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. சனிக்கிழமை காலை மாட்டு வண்டிலில் வைக்கோல் பரப்பிக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பாதி வழியில் வண்டில் திரும்பியது.

செத்த வீட்டுக்கு வாத்தியார் போனார். பந்தலுக்குக் கீழே அந்தச் சின்ன உடம்பு கிடந்தது. பதினாறாம் வாய்ப்பாடு தெரிந்த ஏழு வயதுப் பிள்ளை. ஐயாத்துரை ஓடி வந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குழறினான்.

“வாத்தியார், நீங்கள் சொன்னபடி நான் பத்து நாள் மறிச்சு வைச்சனான் எல்லோ? ஒருநாள் பிசகினனானோ? அந்த அறுதலி தன்ர பெட்டையைத் துடக்கோட அனுப்பிப் போட்டாள் வாத்தியார்! என்ர பிள்ளையை அவளின்ர பெட்டை கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய்ச் சாக்காட்டிப் போட்டுதே!”

சுற்றி இருந்த சனம் ஓம் ஓம் என்றது. அந்த இடத்தில் வாத்தியார் ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். அவள் அனுப்பினது சரியான கணக்கு, கணக்கைப் பிழையாகச் சொல்லித் தந்தவன் நான், வாசலில் வந்த பிள்ளையை உள்ளே விட்டவனும் நான் என்று. நாலு ஊருக்குக் கேட்கிற குரல் அவருக்கு. அன்றைக்கு அது வெளியே வரவில்லை. ஐயாத்துரையின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார். எவ்வளவு பெரிய பிழை என்று வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் அவருக்கு விளங்கியது. திரும்பிப் போய்ச் சொல்லக் கால் வரவில்லை.

ஊருக்கு ஒரு துப்புக் கிடைத்தால் போதுமே. அடுத்த நாளே அது கதையாகிவிட்டது. துடக்கோடு படிக்கப் போன பெட்டை ஒரு உயிரைக் குடித்துவிட்டது என்றார்கள். காய்ச்சலால் வந்த துடக்கு மூன்று நாளில் கழியாது, பத்து நாளிலும் கழியாது, சாவு விழுந்ததால் அது அந்தப் பிள்ளையிலேயே தங்கிவிட்டது என்றார்கள். இப்படி ஒரு துடக்கை அவர்களுடைய பாட்டனும் கேட்டிருக்க மாட்டான். கேட்டிராததால்தான் அதற்குக் கழிப்பும் இல்லை. ஐயர் சாவுத் துடக்குக்கு மந்திரம் வைத்திருந்தார், காய்ச்சல் துடக்குக்கு அவரிடம் ஒன்றுமில்லை. பொதுக் கிணற்றில் ஜெகதீஸ்வரி வாளியைத் தொட்டால் மற்றப் பெண்கள் வாளியைக் கழுவாமல் தண்ணி அள்ள மாட்டார்கள். அப்புத்துரைக்கு நெல் அறுக்கிற அருவி வெட்டுக்கு ஆள் வரவில்லை. அவன் கெட்டவன் இல்லை. ஆனால் நெல்லு வயலில் முற்றிக் கொட்டுகிறது. “தங்கச்சி, பெட்டையைக் கொஞ்ச நாளைக்கு வெளியில விடாதை” என்றான். வளவின் பின்னால் மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கொட்டில் போட்டுக் கொடுத்தார்கள்.

பத்து நாள் கழித்துப் பள்ளிக்கூடம் திறந்தது. நாற்பத்தாறில் பத்தொன்பது வந்தது. வாத்தியார் இடாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு பேர் கூப்பிட்டார். பதில் வராத பேரையும் ஒன்றும் விடாமல் கூப்பிட்டார். பின்னேரம் பெற்றோரைக் கூப்பிட்டு வைத்து, இந்த முறை ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார்.

“காய்ச்சல் துடக்கு இல்லை. உங்களுக்கு விளங்கட்டும் எண்டு நான் சொன்ன கதை அது. நெளுக்குளத்தில இருக்கிற தம்பியால ஒண்டும் வராது, பக்கத்தில படுத்திருக்கிற ஆளாலதான் வரும். சிவனேஸ்வரியில பிழை இல்லை. ரீச்சர் மறிக்கச் சொன்னவா, நான்தான் அந்தப் பிள்ளையை உள்ளுக்க விட்டனான். பாலன்ர சாவுக்கு நான்தான் காரணம்.”

சொல்லும்போது அழுதுவிட்டார். சனமும் கண் கலங்கியது. கடைசியில் ஏரம்பு எழும்பினான்.

“பாத்தியளே, எங்கட வாத்தியார் எவ்வளவு பெரிய மனுசன்! ஒரு கைம்பெண்டின்ர பழியைத் தன்ர தலையில தூக்கிப் போடுறார். உங்களுக்கு அந்தப் பிள்ளையில விருப்பம் எண்டு எங்களுக்குத் தெரியாதே வாத்தியார்? அதுக்காக உப்பிடிக் கதையாதேங்கோ.”

ஐயாத்துரை தலை குனிந்தபடி எழும்பிப் போனான். மற்றவர்களும் வாத்தியாரின் கையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பொய் என்று ஏசியிருந்தால் அவர் திருப்பிக் கத்தியிருப்பார். கும்பிடுகிற ஆட்களை என்ன செய்வது?

அதன்பிறகு அவர் அந்தப் பள்ளிக்கூடத்தில் இன்னும் எட்டு வருஷம் படிப்பித்தார். இடாப்பில் பதில் வராத இருபத்தேழு பேரை மறுபடியும் வகுப்பில் அவர் காணவில்லை. கச்சு முகம்மது மகளை முல்லைத்தீவுக்கே கொண்டுபோய்விட்டார். குரலும் மெல்ல மெல்லத் தணிந்து, கடைசி வருஷங்களில் பின் வாங்குக்குக் கேட்காது என்று பிள்ளைகள் சொன்னார்கள். அதெல்லாம் கிடக்கட்டும். சோதினை நாள் நடந்ததைச் சொன்னால்தான் அவருடைய வாழ்க்கையைச் சொன்னதாகும்.

சனிக்கிழமை. சோதினை கிளிநொச்சியில், காலை ஒன்பது மணிக்கு. அவருடைய பள்ளிக்கூடத்தில் மூன்று பேருக்குச் சுட்டெண் வந்திருந்தது. மற்ற இரண்டு பெடியன்களின் தகப்பன்மார் வண்டில் பிடித்திருந்தார்கள். அதில் ஜெகதீஸ்வரியை ஏற்ற முடியாதென்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். வாத்தியார் சண்டை பிடிக்கவில்லை. விடிந்ததும் சைக்கிளைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, பின்னுக்குச் சாக்கு மடித்துக் கட்டிக்கொண்டு அப்புத்துரை வளவுக்குப் போனார். பிள்ளையைத் தானே ஏற்றிக்கொண்டு போவதென்று முடிவு. யார் என்ன சொன்னாலும் சரி.

சிவனேஸ்வரி முற்றத்தில் நின்றாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. “நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை வாத்தியார். சட்டை தோய்ச்சுக் குடுத்தனான். பின்னுக்கு இருக்கிறாள், நீங்களே கேளுங்கோ” என்றாள்.

பின் வளவுக்குப் போனார். கொட்டில் வாசலில் ஜெகதீஸ்வரி இருந்தாள். தோய்த்த வெள்ளைச் சட்டை மடிப்புக் குலையாமல் பக்கத்தில் கிடந்தது. இவரைக் கண்டதும் சட்டென்று எழும்பிக் கொட்டில் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

“கிட்ட வராதேங்கோ சேர்.”

“பிள்ளை, வா, நேரம் போகுது. உடுத்துக்கொண்டு வா.”

“வேண்டாம் சேர். அங்க வேற பள்ளிக்கூடப் பிள்ளையளும் வருவினம்.”

“உனக்குக் காய்ச்சல் மாறி ரெண்டு கிழமைக்கு மேல. உன்னட்ட ஒண்டும் இல்லை. துடக்குக் கிடக்கு எண்டு சனம் சொல்லுறது பொய் பிள்ளை. அது நான் சும்மா சொன்ன கதை. நான் உன்ர வாத்தியார், நான் சொல்லுறன் கேள்.”

அவர் இரண்டு அடி முன்னுக்கு வைத்தார். அவள் கையை முன்னால் நீட்டி அவரை மறித்தாள். பயந்துவிட்டாள், தனக்காக இல்லை என்பது பார்த்ததும் தெரிந்தது.

“பாலன் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு வந்தவன் சேர்” என்றாள். “உங்கட வீட்டிலயும் ரெண்டு பிள்ளையள் இருக்கினம்தானே. போங்கோ சேர். போய் முழுகிப்போட்டுப் போங்கோ.”

அவள் கையை இறக்கவில்லை. கிளிநொச்சியில் ஒன்பது மணிக்கு மணியடித்துத் தாள் கொடுத்தபோது, வாத்தியார் இன்னும் அந்தப் பின் வளவில், பிள்ளைக்குப் பத்து முழம் தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார்.